நகல் சாவி இல்லாத போன்

பூட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கோட்டைப் போட்டார். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு, திரும்ப மேலே ஒரு ஏற்றம். போன் ஒருதரம் உதறிவிட்டு, பேட்டர்ன் தவறு என்றது.

"யார்கிட்ட சொல்றே?" என்று போனைக் கேட்டார்.

கேட்கத் தகுதி உள்ளவர்தான். அவர் கைக்குத் திறக்காத பூட்டு அந்த வட்டாரத்தில் கிடையாது. அதிலும் ஒரு வைராக்கியம்: இதுவரை ஒரு பூட்டைக்கூட உடைத்ததில்லை. "உடைக்கிறதுக்கு நான் எதுக்கு, ஒரு சுத்தியல் போதுமே" என்பார். அதோடு, எவர் சாவிக்கும் ஒரு நகலைத் தன் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். நகல் இருந்தால் பூட்டுக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. இந்த இரண்டு கொள்கைக்காகவும் ஊரே அவரை மெச்சும். அந்த இரண்டும்தான் அன்றைக்கு அவர் கழுத்தைப் பிடித்தன.

மறுபடி போட்டார். மறுபடி தவறு. போன் வாங்கிய நாளிலிருந்து அதே கோடு. வீட்டு வாசல் சாவியின் வெட்டு எப்படியோ, அதே வடிவம். சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லார் கண்ணெதிரே போடுகிற கோடு. அது எப்படி விரலுக்கு மறந்துபோகும்?

"என்னங்க, இது எனக்கு எப்படி இருக்கு?"

மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். அன்று மாலை உடுத்தப்போகும் கருநீலப் புது உடுப்பைத் தோளில் வைத்துக் காட்டினாள்.

பூட்டுக்காரர் போனைத் தொடைக்கடியில் தள்ளினார். "கடைக்காரர் நல்ல துணின்னுதான் சொன்னாரு."

"நான் கடைக்காரரையா கேட்டேன்?"

"உன் தங்கச்சிக்கும் பிடிச்சிருந்துச்சே."

அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மனிதர் அப்படித்தான். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவருக்குத் தன் வாய்ப்பூட்டுக்கு மட்டும் சாவி கிடைக்கவில்லை. மனைவியைப் பற்றி அவர் மனசுக்குள் மலையளவு இருந்தது. வெளியே வருவதெல்லாம் அடுத்தவர் வாய் வழியாகத்தான். சாப்பாடு எப்படி என்று கேட்டால், மகளைக் காட்டி, "பாப்பா ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாளே, பார்த்தியா" என்பார். கல்யாணம் ஆன புதிதில், என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, "எங்க அம்மா ரொம்பப் புகழ்றாங்க" என்று பதில் சொன்ன ஆசாமி. அப்படியும் இத்தனை காலம் அவரோடு குடித்தனம் நடத்தினாளே, அதற்கே அவளுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அவள் மகப்பேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கே பெரிய சிஸ்டர். பாதி ஊர் அவள் கையில்தான் முதல் அழுகையை அழுதது. அன்று மாலை அவளுக்குப் பணி நிறைவு விழா. கணவரும் மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பெரிய டாக்டரம்மா ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

நாலு வார்த்தை என்றதும் பூட்டுக்காரருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பூட்டுத் திறக்கப் போன வீட்டிலெல்லாம், வேலை முடிந்ததும் போனை நீட்டினார். "எங்க வீட்டு அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கூலி கொஞ்சம் குறைச்சுக்கறேன்."

ஜனங்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். இரட்டைக் குழந்தை பெற்றவள் அழுதுகொண்டே பேசினாள். முரட்டு லாரி டிரைவர் ஒருவர், தன் மகள் பிறந்தபோது பெரிய சிஸ்டர் தன்னைத் திட்டிய திட்டை அப்படியே பேசிக் காட்டி, கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாம் போனில் பதிவாகிப் பத்திரமாக இருந்தது. மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் போனை வைத்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். தான் வாயையே திறக்க வேண்டாம்.

அந்தப் போன்தான் இப்போது திறக்க மாட்டேன் என்கிறது.

பூட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தொழிலில் இறங்கினார். அடைத்த பூட்டுக்குள் போடுகிற பென்சில் கரித்தூளை எடுத்துப் போன் கண்ணாடி மேல் தூவி, மெல்ல ஊதினார். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப்பசை இருக்கும். பசை உள்ள இடத்தில் தூள் ஒட்டும். கோடு தானாகத் தெரியும்.

தெரிந்தது. ஆனால் அவர் போட்ட கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடும் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, தானே தன்னை வெட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு வினோதமான கோடு. முகர்ந்து பார்த்தார். மெஷின் ஆயில் வாசனை இல்லை, ஏதோ நல்ல வாசனை. காலையில் கை கழுவிய சோப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. இந்த முனையிலிருந்து போட்டார், தவறு. அந்த முனையிலிருந்து போட்டார், தவறு. நடுவிலிருந்து போட்டதில் கரி எல்லாம் இழுபட்டுக் கோடே அழிந்தது. இனி வெகுநேரம் கழித்துத்தான் முயல வேண்டும் என்று போன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சார்ஜும் குறைந்திருந்தது. வயரைச் சொருகினால், ஓட்டைக்குள் கரித்தூள் போய் அடைத்துக்கொண்டு, சார்ஜ் ஏற மறுத்தது.

"என்னங்க, மூஞ்சியெல்லாம் கரியா இருக்கு?" என்றாள் மனைவி, அவர் வெளியே வந்தபோது.

"ஒரு பூட்டு மக்கர் பண்ணுது."

"உங்களுக்கே திறக்கலையா?"

"திறக்கும், திறக்கும். எங்க போயிடப் போகுது."

"உடைச்சுடாதீங்க" என்றாள் அவள், ரொம்ப அக்கறையாக.

போன் ரிப்பேர் கடைக்காரர் முதலில் ஒரு பிரஷ்ஷால் கரியைத் தட்டி எடுத்தார். சார்ஜ் ஏறியது. அதற்கே பூட்டுக்காரருக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கடைக்காரர் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தேடி நாலு டப்பாவைக் கவிழ்த்தார்.

"நேத்து நான் வெளியூர்ண்ணே. தங்கச்சி கைக்குழந்தையோட வந்து கடையைப் பார்த்துக்கிட்டா. வேலையெல்லாம் சுத்தமாத்தான் செய்வா. ஆனா ஒரு சாமானை வச்ச இடத்துல வைக்க மாட்டா" என்று சலித்துக்கொண்டார். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு வழி ஒண்ணுதான். ஃபேக்டரி ரீசெட்."

"அப்படின்னா?"

"கம்பெனிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படி ஆக்கிடறது. லாக் போயிடும்."

"கூட வேற என்ன போகும்?"

"போட்டோ, மெசேஜ், நம்பருங்க, ஏத்தி வச்ச ஆப், பாட்டு, ரெக்கார்டிங்... போன்ல இருக்கிற அத்தனையும் போகும்."

பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன்ப்பா, பூட்டைத் திறந்து குடுன்னா, வீட்டைக் காலி பண்ணிட்டு அப்புறம் திறந்து விடுறேங்கறியே. காலி வீட்டுக்குள்ள போயி நான் என்ன பண்றது?"

"அதுதாண்ணே இதுக்குப் பாதுகாப்பு. திருடன் கையில சிக்கினாலும் உள்ள இருக்கிறது கிடைக்காது."

"நான் திருடன் இல்லையேப்பா."

"போனுக்கு அது தெரியாதே."

இது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பூட்டுக்கு இவ்வளவு மானரோஷம் இருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. உள்ளூர அதை மெச்சவும் செய்தார்.

"எதுவுமே மிஞ்சாதா?"

"சிம்முல இருக்கிறது மிஞ்சும். மெமரி கார்டுல இருக்கிறது மிஞ்சும், முன்னாடியே கழட்டி வச்சுட்டா. அப்புறம், உங்க அக்கவுண்ட்டுல பேக்கப் ஏறியிருந்தா அது திரும்பி வரும்."

முதலில் மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தார்கள். அதில் போட்டோக்கள் இருந்தன. எல்லாம் சாவித் துவாரங்கள். விதவிதமான கதவுகள், விதவிதமான துவாரங்கள். மனைவியின் படம் ஒன்று வந்தது என்று பார்த்தால், அதிலும் அவள் பின்னால் இருந்த அலமாரிப் பூட்டுத்தான் தெளிவாக விழுந்திருந்தது. ரெக்கார்டிங் ஒன்றுகூட இல்லை.

"அப்ப எல்லாம் போன்லயேதான் இருக்கு. பேக்கப் போட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

இங்கேதான் விதி விளையாடியது. போன் வாங்கிய அன்று அதைத் தயார் செய்து கொடுத்தவள் மகள். "பேக்கப் போட்டு வைக்கட்டுமாப்பா? எல்லாத்துக்கும் ஒரு நகல் இருக்கும்" என்று கேட்டாள். "நகலா? என் சாமானுக்கா? யாருகிட்ட பேசறே?" என்று இவர் ஒரு பிரசங்கமே செய்தார். அவளும் "சரிப்பா" என்றாள்.

ஆனால் பூட்டுக்காரருக்குத் தன் மகளைத் தெரியும். சைக்கிள் வேண்டாம் என்றார், ஓட்டி முழங்காலை உடைத்துக்கொண்டாள். அந்தப் படிப்பு வேண்டாம் என்றார், அதையே படித்து மெடல் வாங்கினாள். வெளியூர் வேலை வேண்டாம் என்றார், அந்த வாரமே பெட்டியைக் கட்டினாள். பிறந்ததிலிருந்து அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளை இதை மட்டும் கேட்டிருப்பாளா? கட்டாயம் பேக்கப் போட்டு வைத்திருப்பாள்.

"போன் பண்ணிக் கேளுங்களேன்" என்று கடைக்காரர் தன் போனை நீட்டினார்.

"அவ நம்பர் இந்தப் போனுக்குத்தான்ப்பா தெரியும். எனக்குத் தெரியாது."

"வீட்டுல சிஸ்டர்கிட்ட கேட்டா?"

"கேட்டா குட்டு உடைஞ்சு போயிடும்."

மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக மகளின் கீழ்ப்படியாமையை நம்பி ஒரு காரியத்தில் இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, "போடுப்பா ரீசெட்டை" என்றார்.

கடைக்காரர் பக்கத்துப் பட்டன்களை ஒன்றாக அமுக்கிப் பிடித்தார். திரை கறுத்தது, ஏதேதோ எழுத்து ஓடியது, ஒரு வட்டம் சுற்றியது. பிறகு போன், இப்போதுதான் பிறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வணக்கம் சொன்னது. கூடவே, இதற்கு முன்பு இதில் இருந்த அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது.

"இது என்ன கூத்து?" என்றார் பூட்டுக்காரர். "வீட்டைக் காலி பண்றப்ப ஒரு வார்த்தை கேக்கலை. காலி வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்ப, நீ யாருன்னு கேக்குதே."

"அதுவும் பாதுகாப்புதாண்ணே."

"இதைச் செஞ்சவன் என்கிட்ட தொழில் கத்துக்கணும்னு அவசியமே இல்லை. நான்தான் அவன்கிட்ட போகணும்."

பாஸ்வேர்டும் மகளுக்குத்தான் தெரியும். கடைக்காரர் சிம்மைக் கழற்றி ஒரு பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தார். போட்ட கையோடு அது அடித்தது. பெயர் இல்லாமல் வெறும் நம்பர்.

"யாரு?" என்றார்.

"நான்தாம்ப்பா."

"நான்தான்னா யாரு?"

"உங்களை அப்பான்னு கூப்பிட எத்தனை பேருப்பா இருக்காங்க? அம்மா விழாவுக்குக் கிளம்பியாச்சா?"

தெய்வமே போன் பண்ணிய மாதிரி இருந்தது. விஷயத்தைச் சொன்னார். மகள் சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டைச் சொன்னாள். கடைக்காரர் அடித்தார். போன் திறந்தது. உள்ளே போட்டோ இல்லை, நம்பர் இல்லை, ரெக்கார்டிங் இல்லை. துடைத்துக் கழுவின பாத்திரம் தேவலை.

"பாப்பா, அந்தப் பேக்கப்பு எப்ப வரும்?"

"எந்த பேக்கப்?"

"நான் வேண்டாம்னு சொல்லியும் நீ போட்டு வச்சிருப்பியே, அது."

"அப்பா, நீங்க அவ்வளவு தூரம் சொன்னீங்களேன்னு அணைச்சு வச்சேன்ப்பா. எப்பவும் எதிர்த்தே பேசறோமே, பாவம், ஒரு தடவையாவது அப்பா சொல்றதைக் கேப்போம்னு நினைச்சேன்."

பூட்டுக்காரர் மகளைத் திட்ட வாயெடுத்தார். சொன்ன பேச்சைக் கேட்டதற்காக எப்படித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேர் கையில் குழந்தை. பெரிய டாக்டரம்மா பேசினார், ஆயாம்மா பேசினார், ஆம்புலன்ஸ் டிரைவர் பேச வந்து கும்பிட்டுவிட்டு மட்டும் போனார். கருநீல உடுப்பில் மனைவி மேடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூட்டுக்காரர், காலிப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்ம சிஸ்டரோட வீட்டுக்காரர்" என்றார் டாக்டரம்மா.

மைக் முன்னால் நின்றார். பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தார். அது அவருக்கு ஒரு வணக்கம் சொன்னது. உள்ளே வைத்துவிட்டார்.

"எனக்குப் பேச வராது" என்றார். கூடம் காத்திருந்தது. "ஊர்ல எல்லாரும் இவங்களைப் பத்திச் சொன்னதை எடுத்துட்டு வந்தேன். வழியில தொலைஞ்சு போச்சு. அதனால நான்தான் சொல்லணும்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கதவைத் திறந்துவிட்டா ஒரு ஆளு அவன் வீட்டுக்குள்ள போவான். இவங்க கதவைத் திறந்துவிட்டா ஒரு ஆளு உலகத்துக்குள்ள வருவான். என் தொழில்ல அவசரப்பட்டா பூட்டு கெடும், அவ்வளவுதான். இவங்க தொழில்ல அப்படி இல்லை. ஆனா இவங்க வீட்டுக்கு வந்து ஒருநாளும் அலுத்துக்கிட்டதைப் பார்த்ததில்லை. கையைக் கழுவிட்டு, க்ரீம் தடவிட்டு, ரெண்டு உள்ளங்கையையும் தேய்ச்சு சூடாக்கிக்குவாங்க. பிறந்த குழந்தையைச் சில்லுனு தொடக் கூடாதாம். அது பழகிப்போயி, வீட்டுல என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாடியும் கையைத் தேய்ச்சுக்கிட்டுத்தான் தொடுவாங்க. காய்ச்சல் இருக்கிறவனுக்கு எதுக்கு சூடான கைன்னு நான் கேட்டதில்லை. எனக்குப் பிடிக்கும்."

ஆயாம்மா மூக்கை உறிஞ்சினார். பூட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வந்துகொண்டே இருந்தது.

"சமையல் எப்படின்னு கேப்பாங்க. பாப்பா நல்லா சாப்பிட்டான்னு சொல்லுவேன். என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. எங்க அம்மாவுக்குப் பிடிச்சிருக்குன்னேன். எனக்குத்தான் பிடிச்சிருந்துச்சு. எங்க அம்மா அப்படி ஒண்ணும் புகழலை."

கூடம் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் காலையில, இந்த உடுப்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. துணிக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எனக்குச் சொல்றேன்."

கடைசி வாக்கியம் இலக்கணப்படி அமைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. குழந்தைகள் பயந்து அழுதன. பெரிய சிஸ்டர், பழக்கத்தில் எது எதற்காக அழுகிறது என்று காதைத் தீட்டியபடியே, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கி வந்ததும் அவர் மெல்ல ஒப்புக்கொண்டார். "உனக்காக ஊரையே பேச வச்சுப் போன்ல பிடிச்சு வச்சிருந்தேன். ஒருத்தர் விடாம. எல்லாம் அழிஞ்சு போச்சு. இன்னைக்குத்தான் முதல்தடவையா ஒரு பூட்டை உடைச்சேன்."

"பரவாயில்லை விடுங்க" என்றாள் அவள். அழிந்துபோனதைப் பற்றி அவள் துளியும் வருத்தப்படாதது அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். போன் ரிப்பேர் கடைக்காரரின் தங்கை. ஒரு சின்ன மெமரி கார்டைப் பெரிய சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"சிஸ்டர், நேத்து நீங்க நகல் எடுத்து வைக்கச் சொன்ன ரெக்கார்டிங் எல்லாம் ஒண்ணு விடாம இதுல இருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் சொந்த வாயால பேசிட்டாரே, இனிமேலாவது அவரு போன்ல நீங்க மாத்தி வச்ச லாக்கை எடுத்து விட்டுடுங்க, பாவம்."